வயது முதிரும் தேயிலையும் வளம் மாறும் மண்ணும்

(வேளாண்மைப் பொருளாதார மாணவர்களும் தோட்டப் பயிர்த் துறை அலுவலர்களும் பங்கு பெற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 139 கோடி கிலோ தேயிலை உற்பத்தியாயிற்று. அதில் ஏறத்தாழ பாதி அஸ்ஸாம் மாநிலத்தின் பங்கு. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், டுவார்ஸ், தராய்ப் பகுதிகளும், தெற்கே நீலகிரி, ஆனைமலை, மூணாறு, வயநாடு ஆகிய மலைப்பகுதிகளும் எஞ்சியவற்றில் பெரும் பங்கை அளிக்கின்றன. தேயிலையைப் பற்றிய ஆய்வுரைகளில் ஏல விலை, ஏற்றுமதி, கூலி, போனஸ் ஆகியவை தவறாமல் இடம் பெறுகின்றன. இத்தனைக்கும் அடிப்படையான மண் எந்த நிலையில் உள்ளது என்னும் கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

நெல்லோ கோதுமையோ ஆண்டுதோறும் புதிதாக விதைக்கப்படும் பயிர். மண்ணில் குறை தோன்றினால் அடுத்த பருவத்தில் பயிரை மாற்றலாம்; நிலத்தைத் தரிசாகவும் விடலாம். தேயிலைக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஒரே செடி ஒரே குழியில் ஐம்பது, அறுபது, சில இடங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்று, அதே மண்ணிலிருந்து உணவைப் பெற்று, ஆண்டுதோறும் இளந்தளிரை அளித்து வருகின்றது. அந்நெடிய காலத்தில் மண்ணின் சத்துக்கள் எவ்வாறு மாறுகின்றன, அம்மாற்றத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

நூற்றாண்டு கடந்த பயிர்

அஸ்ஸாமில் வணிக முறையிலான தேயிலைப் பயிர் 1839-இல் தொடங்கப்பட்ட அஸ்ஸாம் கம்பெனியிலிருந்து கணக்கிடப்படுகின்றது. டார்ஜிலிங்கில் 1850-களிலும், ஆனைமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் தோட்டங்கள் எழுந்தன. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பெரும்பாலும் காடு திருத்திய நிலங்கள். பல நூற்றாண்டுகளாக இலை உதிர்ந்து மட்கிய வளம் அந்நிலங்களில் சேர்ந்திருந்தது. தொடக்ககாலத் தோட்டங்கள் உரமின்றியே நல்ல விளைச்சல் கண்டதற்கு இவ்வளமே காரணம்.

அவ்வளம் நிலைத்து நிற்கவில்லை. 1900-இல் இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியல் அலுவலராக ஹெரால்டு மான் நியமிக்கப்பட்டார். அவர் மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்று அஸ்ஸாமின் தேயிலை மண்ணையும் அதற்கு உரமிடும் முறையையும் ஆராய்வதாகும். பிற்காலத்தில் தக்காணக் கிராமங்களின் பொருளாதார ஆய்வுகளுக்காகப் பெயர் பெற்ற அவரே இவர் என்பதைப் பொருளாதார மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். 1911-இல் ஜோர்ஹாட் அருகே டோக்லாய் ஆய்வு நிலையம் தோன்றியது. தென்னிந்தியாவில் உபாசி அமைப்பின் ஆய்வுப் பிரிவு இதே பணியை மேற்கொண்டது. மண்ணின் சோர்வு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்ட செய்தியே.

கொழுந்தோடு வெளியேறும் சத்து

தேயிலைச் செடியின் விற்பனைப் பொருள் அதன் இளந்தளிர். செடியின் உறுப்புகளுள் தழைச்சத்து மிகுந்து காணப்படுவதும் அதுவே. பதப்படுத்திய தேயிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு தழைச்சத்து. இரண்டு பங்கு சாம்பல் சத்து. மணிச்சத்து அரைப் பங்கு அளவிலேயே உள்ளது. ஆயிரம் கிலோ தேயிலை தோட்டத்தை விட்டுச் செல்லும்போது 40 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ சாம்பல் சத்தும் உடன் செல்கின்றன எனக் கொள்ளலாம்.

எக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 கிலோ தேயிலை தரும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டுகளில் அந்நிலத்திலிருந்து வெளியேறுவது 4,000 கிலோ தழைச்சத்து, 2,000 கிலோ சாம்பல் சத்து. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால், 2023-ஆம் ஆண்டின் உற்பத்தியில் அடங்கிய தழைச்சத்து மட்டும் 55,000 டன்னுக்கு மேற்பட்டதாகும். இது ஏறத்தாழ 1,20,000 டன் யூரியாவில் உள்ள சத்துக்குச் சமம்.

கொழுந்தில் செல்வது கணக்கின் ஒரு பகுதியே. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செடி கவாத்து செய்யப்படுகின்றது. அப்போது வெட்டப்படும் கிளையும் இலையும் எக்டேருக்குப் பல டன் எடையுள்ளவை. அவை நிலத்திலேயே பரப்பப்பட்டால் அவற்றிலுள்ள சத்து மண்ணுக்குத் திரும்பும். விறகாக வெளியேறினால், குறிப்பாகச் சாம்பல் சத்து, தொழிலாளர் குடியிருப்பின் அடுப்புச் சாம்பலாக முடியும். தொழிலாளரின் எரிபொருள் தேவையை வேறு வழியில் நிறைவேற்றாமல் கவாத்துக் கழிவைத் தடை செய்வது முறையன்று. மண்வளம் இங்கே நலத்திட்டத்தோடு இணைந்து விடுகின்றது.

அமிலம் பெருகும் விதம்

தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர். பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை உள்ள மண் அதற்கு ஏற்றது. ஆனால் தோட்டம் முதிர முதிர இவ்வெண் மேலும் தாழ்ந்து, 4-ஐயும் அதற்குக் கீழும் எட்டக் கூடும். பி.எச். எண்ணில் ஒன்று குறைவது சிறு மாறுதல் அன்று. 5-இலிருந்து 4-க்கு இறங்கிய மண்ணின் அமிலச் செறிவு பத்து மடங்காகின்றது.

இதற்கு முதன்மைக் காரணம், தழைச்சத்துக்காக இடப்படும் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் ஆகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகின்றது. நைட்ரேட் முழுவதையும் வேர் உறிஞ்சிக்கொண்டால் கேடு குறைவு. மேல் அஸ்ஸாமில் ஆண்டு மழை 2,000 மில்லி மீட்டரைக் கடக்கின்றது. மலைச்சரிவுகளிலும் மழை குறைவன்று. இந்நிலையில் நைட்ரேட்டின் ஒரு பகுதி நீரோடு கீழிறங்கும்; செல்லும்போது சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் உடன் கொண்டு செல்லும். அமிலம் மேல்மண்ணில் தங்குகின்றது. அதைத் தணிக்க வல்ல காரச் சத்துக்கள் கைக்கெட்டாத ஆழத்திற்குப் போய்விடுகின்றன.

செடியும் தன் பங்கைச் செய்கின்றது. தேயிலை வேர் நைட்ரேட்டை விட அம்மோனியத்தையே விரும்பி ஏற்கின்றது. அவ்வாறு ஏற்கும்போது மின்னேற்றத்தைச் சமன் செய்ய அமிலத்தை வெளிவிடுகின்றது. எனவே உரமே இடாத தோட்டத்திலும் ஆண்டுகள் செல்லச் செல்ல வேரடி மண் புளிக்கவே செய்யும். உரம் அதை விரைவுபடுத்துகின்றது.

அலுமினியத்தின் சுற்று

பி.எச். எண் தாழும்போது களிமண்ணில் பிணைந்திருந்த அலுமினியம் கரைகின்றது. பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதைத் தாங்கிக்கொள்வதோடு தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்தும் வைக்கின்றது. முற்றிய இலையின் உலர் எடையில் ஒரு கிலோவுக்கு 10,000 மில்லி கிராமுக்கும் மேலாக அலுமினியம் காணப்படுவது உண்டு. பறிக்கப்படும் இளந்தளிரில் இதன் சிறு பங்கே உள்ளது.

முதிர்ந்த இலைகள் உதிர்வதன் வழியாகவும், கவாத்துக் கழிவின் வழியாகவும் இந்த அலுமினியம் மேல்மண்ணை மீண்டும் அடைகின்றது. கீழ்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது மேல்மண்ணில் குவிகின்றது. கவாத்துக் கழிவு பொட்டாசியத்தையும் கரிமத்தையும் திருப்பித் தரும் நற்பொருள். அதுவே அலுமினியத்தையும் கொணர்கின்றது. ஆகவே கழிவை நிலத்தில் இடுவதோடு, அமிலத்தைத் திருத்துவதும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவது அரைகுறைப் பராமரிப்பாகும்.

பழைய தோட்டத்தில் இலையின் தோற்றமே பல செய்திகளைத் தெரிவிக்கும். கீழிலைகளில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்ந்தால் மக்னீசியக் குறை. முதிர்ந்த இலைகளின் ஓரம் தீய்ந்து, குச்சிகள் மெலிந்து, கவாத்துக்குப் பின் துளிர்ப்பு தளர்ந்தால் சாம்பல் சத்துக் குறை. இத்தகைய தோட்டத்தில் மேலும் யூரியா இடுவது பயன் தராது, நோயையே வளர்க்கும்.

மணிச்சத்தும் கரிமமும்

எல்லாச் சத்தும் வயதோடு குறைவதில்லை. மணிச்சத்தின் நிலை வேறு. ஆண்டுதோறும் இடப்படும் மணிச்சத்தில் கொழுந்தோடு செல்வது சிறிதே. எஞ்சியதை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணில் மொத்த மணிச்சத்து மிகுந்திருந்தும் வேருக்குக் கிட்டுவது குறைவு. வங்கியில் வைப்புத் தொகை இருந்தும் எடுக்க இயலாத நிலையோடு இதை ஒப்பிடலாம். கரையும் உரத்திற்கு மாற்றாகப் பாறைப் பாஸ்பேட் தேயிலைக்கு இடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணின் அமிலமே அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொடுக்கும்.

கரிமச் சத்தின் வரலாறு இன்னும் சிக்கலானது. காடு அழிக்கப்பட்ட உடனே அது விரைந்து குறைகின்றது. செடி வளர்ந்து நிலத்தை மூடிய பின், உதிரும் இலையும் கவாத்துக் கழிவும் சேரும் தோட்டங்களில் ஓரளவு மீள்கின்றது. முதுமையில் செடிகள் ஆங்காங்கே பட்டுப்போய் வெற்றிடம் தோன்றும்போது, மழைத்துளி நேரே மண்ணில் விழுகின்றது. சரிவான நிலத்தில் மேல்மண் அரிக்கப்பட்டு, கரிமமும் அதனோடு செல்கின்றது. டார்ஜிலிங்கின் செங்குத்தான சரிவுகளிலும் நீலகிரியிலும் இவ்வரிப்பு தனிக் கவனத்துக்குரியது. சம உயர நடவு, இடைவெளி விட்டு வெட்டப்படும் அகழிகள், நிழல் மரங்கள் ஆகியவை அதன் வேகத்தைத் தணிக்க வல்லவை.

இதனால் கரிய நிறமும் மணமும் கொண்டு வளமாகத் தோன்றும் ஒரு பழைய தோட்ட மண், சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அற்று வறுமையில் இருக்கக் கூடும். கண்ணால் கண்டு முடிவு செய்தல் போதாது.

வயதா, பராமரிப்பா?

ஐந்து, இருபது, ஐம்பது, நூறு வயதுடைய தோட்டங்களின் மண்ணை ஒரே ஆண்டில் எடுத்து ஒப்பிட்டு, வேறுபாடு அனைத்தும் வயதால் விளைந்தது என்று முடிவு கட்டுவது எளிது. மாணவர்கள் இதில் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. நூறாண்டுத் தோட்டம் பெரும்பாலும் அப்பகுதியின் முதல் தரமான நிலத்தில் அமைந்தது. பின்னர் வந்தோர் எஞ்சிய நிலத்தைப் பெற்றனர். பழைய தோட்டம் விதைச் செடிகளைக் கொண்டது. புதியது பெரும்பாலும் பதியன் வழி வந்த உயர் விளைச்சல் இரகம். பழைய தோட்டம் நெடுங்காலம் அம்மோனியம் சல்பேட்டைக் கண்டது. புதியது யூரியாவைக் கண்டது. வயதோடு இவையனைத்தும் கலந்தே அளவிடப்படுகின்றன. அதே நிலத்தை ஒவ்வொரு கவாத்துச் சுற்றிலும் தொடர்ந்து ஆய்ந்து பதிவு செய்வதே உண்மையை உணர்த்தும்.

விளைச்சல் வீழ்ச்சிக்கும் இது பொருந்தும். டார்ஜிலிங் தேயிலை உற்பத்தி 1990-களின் தொடக்கத்தில் ஒரு கோடி கிலோவுக்கு மேல் இருந்தது. 2022-இல் 70 இலட்சம் கிலோவுக்கும் குறைந்தது. முதிர்ந்த செடிகளும் சோர்ந்த மண்ணும் இதற்குக் காரணங்களே. ஆயினும் மழை, வெப்பநிலை மாற்றங்கள், இரசாயன உரமின்றிப் பயிரிடும் முறைக்குப் பல தோட்டங்கள் மாறியமை, 2017-இல் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம், தொழிலாளர் வருகைக் குறைவு ஆகியனவும் சேர்ந்தே செயல்பட்டன.

மறுநடவும் மண்ணின் ஓய்வும்

செடியின் பொருளாதார ஆயுள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எனக் கொண்டால், ஆண்டுதோறும் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு மறுநடவு செய்யப்படல் வேண்டும். ஒரு பங்கு மட்டும் செய்தால் தோட்டத்தைப் புதுப்பிக்க நூறாண்டுகள் ஆகும். இந்த எளிய கணக்கைப் பின்பற்ற இயலாமையே பல தோட்டங்களின் இன்றைய நிலைக்குக் காரணம்.

1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் கீழ் அமைந்த தேயிலை வாரியம் மறுநடவுக்குப் பல காலமாக உதவி வந்துள்ளது. 2007-இல் தொடங்கப்பட்ட தேயிலைச் சிறப்பு நிதித் திட்டம், ஐம்பது வயதைக் கடந்த செடிகளை அகற்றி மறுநடவு செய்யவும் புதுப்பிக்கவும் செலவில் பாதியைக் கடனாகவும் கால் பங்கை மானியமாகவும் அளிக்க வகை செய்தது.

இங்கே வலியுறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செடியை மாற்றுவது மண்ணை மாற்றுவதாகாது. ஐம்பதாண்டு புளித்த மண்ணில், பழைய வேர்கள் அழுகிக் கிடக்கும் குழியில், உயர் விளைச்சல் இரகப் பதியனை நட்டால் அது முதல் சில ஆண்டுகளிலேயே நலியும். பழைய வேர்களில் தங்கிய பூஞ்சை நோய்களும் நூற்புழுக்களும் இளவேரைத் தாக்கும். எனவே வேரை முழுவதும் அகற்றி, நிலத்தைத் திருத்தி, குவாத்தமாலா புல் போன்றவற்றை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, அவ்வப்போது வெட்டி மூடாக்காக இடுவது ஆய்வு நிலையங்களின் பரிந்துரை. ஆழமாக ஓடும் அப்புல்லின் வேர் இறுகிய மண்ணைத் தளர்த்துகின்றது. தழை கரிமத்தைச் சேர்க்கின்றது.

இவ்வோய்வுக் காலத்தில் நிலத்திலிருந்து வருவாய் இல்லை. நட்ட பின்னும் நிறைவான கொழுந்து கிடைக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆக ஐந்தாறு ஆண்டுகள் செலவு மட்டுமே. அவசரப்படும் நிர்வாகம் ஓய்வுக் காலத்தையே முதலில் வெட்டுகின்றது. அவ்வாறு செய்யும்போது மானியமாகச் சென்ற பொதுப்பணமும் பயனிழக்கின்றது.

உர விலையும் சிறு விவசாயியும்

நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ பாதி இன்று சிறு விவசாயிகளின் நிலங்களிலிருந்து வருகின்றது. 10.12 எக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை பயிரிடுவோர் இவ்வகையினர். பெரும்பாலோரிடம் உள்ளது ஓரிரு ஏக்கரே. நீலகிரியில் இவர்கள் பல தலைமுறையினர். அஸ்ஸாமில் 1970-களின் இறுதியில் தோன்றி, 1980, 1990-களில் பெருகியவர்கள். இவர்களின் செடிகள் இப்போது நடுவயதை அடைந்துள்ளன. பெருந்தோட்டங்கள் இன்று காணும் முதுமை இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் இவர்களை எதிர்ப்படும். பெருந்தோட்டம் தன் பரப்பில் நூற்றில் இரண்டு பங்கைப் பெயர்த்து, எஞ்சியவற்றின் வருவாயில் காலம் தள்ள இயலும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் எப்பகுதியைப் பெயர்ப்பார்? ஐந்தாறு ஆண்டுகள் எதை உண்பார்?

உர விலைக் கொள்கையும் மண்ணைத் தொடுகின்றது. 2010 ஏப்ரல் முதல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் நடைமுறைக்கு வந்தது. யூரியாவின் விலை மட்டும் கட்டுப்பாட்டில் நீடித்தது. இறக்குமதியைச் சார்ந்த பொட்டாஷ் விலை உயர, யூரியா மலிவாகவே நின்றது. பசுந்தேயிலை விலை தாழும் ஆண்டில் சிறு விவசாயி எதைக் குறைப்பார் என்பதைக் கூற வேண்டுவதில்லை. பொட்டாஷும் டோலமைட்டும் முதலில் கைவிடப்படுகின்றன. அமிலத்தைப் பெருக்கும் உரம் தொடர்கின்றது; அதைத் திருத்தும் பொருள் நின்றுவிடுகின்றது. விவசாயியின் முடிவு அவ்வாண்டுக் கணக்கில் சரியானதே. இருபதாண்டுக் கணக்கில் அதன் நட்டம் அவருடைய மக்களைச் சேர்கின்றது.

அரசுத் துறையும் இதற்கு விலக்கன்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென 1968-இல் தொடங்கி, 1976-இல் நிறுவனமாக்கப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் முதல் நடவுகள் ஐம்பது ஆண்டைக் கடந்துவிட்டன. அங்கே மண்வளம் என்பது குடும்பங்களின் மறுவாழ்வு நிலைபெறுவதோடு பிணைந்த ஒன்று.

அலுவலர் கவனத்திற்கு

2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளைத் தெரிவிக்கின்றது: தழை, மணி, சாம்பல் சத்துக்கள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச். எண், மின் கடத்துதிறன், கரிமம். பொதுப் பயிர்களுக்கு இது சிறந்த வழிகாட்டி. முதிர்ந்த தேயிலை மண்ணைப் பொறுத்தவரை, முதலில் அறிய வேண்டிய சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், கரைநிலை அலுமினியம் ஆகிய மூன்றும் இப்பட்டியலில் இல்லை. தேயிலை மாவட்டங்களுக்கு இவற்றைச் சேர்ப்பது பயனுடையது. மேல்மண்ணோடு கீழ்மண்ணின் மாதிரியும் எடுக்கப்படல் வேண்டும். காரச் சத்துக்கள் எவ்வளவு தொலைவு இறங்கின என்பதை மேல்மண் சொல்லாது.

கவாத்துக்கு முன் மண் ஆய்வு, முடிவைப் பொறுத்து டோலமைட், கவாத்துக் கழிவை நிலத்திலேயே விடுதல், தழைச்சத்துக்கு ஈடான சாம்பல் சத்து ஆகிய நான்கும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. சிறு விவசாயிகளுக்கு டோலமைட்டைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் சுய உதவிக் குழுக்களும் மொத்தமாக வாங்கி வழங்க இயலும். நிலத்தை ஒரே முறையில் பெயர்க்காமல் சிறு பாத்திகளாகப் பிரித்து மறுநடவு செய்யவும், ஓய்வுக் காலத்திற்கென வாழ்வூதியம் அளிக்கவும் உதவித் திட்டங்கள் வகுக்கப்படலாம். மறுநடவு மானியத்தின் ஒரு தவணையை, நட்ட செடிகளின் எண்ணிக்கையோடு மண் திருத்தத்தின் சான்றையும் கண்டபின் வழங்குவது இன்னொரு வழி.

தோட்டக் கணக்கேட்டில் இயந்திரத்திற்குத் தேய்மானம் எழுதப்படுகின்றது, கட்டடத்திற்கும் எழுதப்படுகின்றது. மண்ணுக்கு அத்தகைய பத்தி இல்லை. ஆண்டுக்கு எவ்வளவு சத்து வெளியேறியது, எவ்வளவு திரும்பியது, பி.எச். எண் எங்கு நிற்கின்றது என்னும் மூன்று எண்களை ஒவ்வொரு பிரிவுக்கும் எழுதி வைத்தால், அடுத்த கவாத்தின்போது பொறுப்பேற்கும் அலுவலர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. இப்பணியைப் பயிற்சி முடித்துச் செல்லும் இளைய அலுவலர்கள் தத்தம் பகுதியில் ஒரு தோட்டத்திலேனும், ஒரு விவசாயியின் நிலத்திலேனும் தொடங்குவது பெரும் பயன் அளிக்கும்.